வாடகைக்கு விட முதல் வீடு வாங்குபவருக்குக் கடன் ஆலோசனை: கிருஷ்ணகிரி நிலையம் ஒன்றின் மதிப்புரை

கிருஷ்ணகிரியில், பொதுத்துறை வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர், ஓர் உதவியாளரை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக் கடன் ஆலோசனை நிலையம் நடத்திவருகிறார். விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கடன் வாங்கித் தருவது அவருடைய வேலை அல்ல. வாங்கலாமா, எவ்வளவு வாங்கலாம், யாரிடம், எந்த நிபந்தனையில் வாங்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்வதும், கையெழுத்திடுவதற்கு முன் ஆவணங்களை உடனிருந்து படித்துக் காட்டுவதுமே அவர் செய்யும் பணி. அதற்கு எங்களிடம் வாங்கிய கட்டணம் 3,500 ரூபாய். வங்கியிடமிருந்தோ, வீட்டை விற்பவரிடமிருந்தோ, மனைத் தரகரிடமிருந்தோ அவர் எதுவும் பெறுவதில்லை. நானும் என் மனைவியும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். குடியிருக்கச் சொந்த வீடு உண்டு. வாடகை வருமானத்துக்காக இன்னொரு வீடு வாங்க எண்ணியபோது அவரிடம் சென்றோம்.

கட்டணத்தை யார் கொடுக்கிறார் என்பதை முதலில் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. ஓசூர் 2019-இல் மாநகராட்சியானது. சூளகிரியிலும் பர்கூரிலும் சிப்காட் தொழிற்பேட்டைகளும், போச்சம்பள்ளிப் பக்கம் மின் ஸ்கூட்டர் ஆலையும் வந்தன. இவற்றுக்குப் பின், பெங்களூரு நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் மனைப்பிரிவுப் பலகை இல்லாத இடமே அரிதாகிவிட்டது. அந்தப் பலகைகளில் பலவற்றில் 'வங்கிக் கடன் ஏற்பாடு செய்து தரப்படும்' என்ற வரியும் இருக்கிறது. அந்த ஏற்பாட்டைச் செய்யும் முகவர்கள் நம்மிடம் காசு கேட்பதில்லை. கடன் கொடுக்கும் நிறுவனம் அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கிறது. கடன் தொகை பெருகினால் கமிஷனும் பெருகும். அவர்களில் நேர்மையானவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை; ஆனால் 'இந்தக் கடன் உங்களுக்கு வேண்டாம்' என்று சொன்னால் வருமானம் இழக்கும் நிலையில் உள்ள ஒருவரிடம் அந்த அறிவுரையை எதிர்பார்ப்பது முறையல்ல. முதன்முறையாக முதலீட்டுக்கு வீடு வாங்குபவருக்கோ பெரும்பாலும் தேவைப்படுவது அந்த அறிவுரைதான்.

எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் முதலில் பார்த்து வைத்திருந்த வீட்டின் விலை 32 லட்சம் ரூபாய். எங்களை அணுகிய முகவர் ஒருவர், 90 சதவீதம், அதாவது 28 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கடன் எளிதில் கிடைக்கும் என்றும், மீதி மூன்றேகால் லட்சத்தைப் புரட்டினால் போதும் என்றும் கூறியிருந்தார். ஆலோசகர் இதைப் பொய் என்று சொல்லவில்லை. 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்தின் மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வகுத்த மேல்வரம்பு. ஆனால் அது மேல்வரம்பு மட்டுமே. அதுவரை கொடுத்தாக வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் இல்லை, அதுவரை வாங்கியாக வேண்டும் என்று நமக்கும் இல்லை. மேலும், விலை 10 லட்சத்தைத் தாண்டிய வீட்டுக்கு முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. அந்தச் செலவு முழுவதும் நம் கையிலிருந்தே போக வேண்டும்.

தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், சொத்து மாற்றுத் தீர்வை 2 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என மொத்தம் 9 சதவீதம். 32 லட்சத்துக்கு அது 2 லட்சத்து 88 ஆயிரம். 'வீட்டை அம்மா பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும்' என்றும் முகவர் சொல்லியிருந்தார். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த, பெண்கள் பெயரில் வாங்குவதற்கான அந்தச் சலுகை 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்கு மட்டுமே உரியது என்பதை ஆலோசகர் உடனே சுட்டிக்காட்டினார். சட்டக் கருத்து, மதிப்பீடு, பிராசசிங் கட்டணம், பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைப்பதைப் பதிவு செய்யும் செலவு, வீட்டுக்கு வெள்ளையடித்துக் குழாய் மாற்றும் செலவு ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக அவர் எழுதிக்கொண்டே போனார். 'மூன்றேகால் லட்சம்' இருமடங்கைத் தாண்டியபோதும் பக்கம் முடியவில்லை.

அதன் பிறகு அவர் கேட்ட கேள்வி இது: "வாடகைக்கு ஆள் இல்லாத மாசத்துல தவணைய எங்கிருந்து கட்டுவீங்க சார்?" எங்களிடம் இருந்த பதில் 'சம்பளத்திலிருந்து' என்பதே. அப்படியானால் அந்தச் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்போம் என, இருவருடைய சம்பளச் சீட்டுகளையும், ஏற்கெனவே கட்டிவரும் வண்டிக் கடனையும், கூட்டுறவுச் சங்கப் பிடித்தத்தையும், பிள்ளைகளின் கல்விச் செலவையும் வாங்கி எழுதினார். சம்பளத்தின் பாதி வரை எல்லாத் தவணைகளும் சேர்ந்து போகலாம் என்பது வங்கிகள் பொதுவாகப் பார்க்கும் அளவு. ஆனால் அந்த அளவுக்குள் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் முதியோரின் மருத்துவச் செலவும் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை என்பதை அவர் வலியுறுத்தியது எனக்குச் சரியாகவே பட்டது.

அந்தத் தாளில் இருந்த கணக்கை ஒளிவுமறைவின்றித் தருகிறேன். புதிதாக இறங்குபவர்களுக்கு இதுவே முதலில் தெரிய வேண்டியது. 25 லட்சம் ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை 21,696 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டிக்குப் போவது 17,708. அசலில் கழிவது 3,988 மட்டுமே. நாங்கள் பார்த்த பகுதியில் அத்தகைய வீட்டுக்கு மாத வாடகை 9,000 ரூபாய். சொத்து வரிக்கும் பராமரிப்புக்கும் மாதம் 1,000 ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்றும் கொண்டால், ஒவ்வொரு மாதமும் எங்கள் சம்பளத்திலிருந்து சுமார் 14,450 ரூபாய் சேர்த்தால்தான் தவணை முழுமையாகும். வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் ஆண்டு வாடகை 3.4 சதவீதம்கூட வரவில்லை. கடனுக்கான வட்டியோ 8.5 சதவீதம். வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று நம் ஊரில் உறவினர்களும் தரகர்களும் ஒருங்கே சொல்லும் பேச்சு, இன்றைய விலையில் கிருஷ்ணகிரிக்குப் பொருந்தாது. நிலத்தின் விலை உயரும் என்ற எதிர்பார்ப்பில்தான் இந்த முதலீடு நிற்கிறது. அந்த எதிர்பார்ப்புக்காக மாதம் எவ்வளவு செலுத்த ஆயத்தமாக இருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

கடன் காலத்தைப் பற்றி அவர் சொன்னதும் பயனுள்ளது. அதே 25 லட்சத்தை 15 ஆண்டில் அடைத்தால் தவணை 24,618 ஆகும். மாதம் ஏறத்தாழ 2,900 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதால் மொத்த வட்டி 27 லட்சத்திலிருந்து 19 லட்சத்துச் சொச்சமாக இறங்குகிறது. ஆயினும் எல்லோரையும் அவர் 15 ஆண்டுக்குத் தள்ளுவதில்லை. மாறும் வட்டியில் தனிநபர் பெறும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருப்பதால், வருமானம் உறுதியற்றவர்கள் 20 ஆண்டுக்கு வாங்கிக்கொண்டு, பணம் வரும்போதெல்லாம் அசலில் கட்டலாம் என்கிறார். மாங்காய் மண்டி வைத்திருப்பவருக்கும் ஆசிரியருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்பதை உணர்ந்து பேசும் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

வட்டி விகிதத்தைப் பற்றிய அவருடைய விளக்கம்தான் எனக்கு மிகுந்த பயன் அளித்தது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவை மாற்றியமைக்கப்படும். வங்கி அல்லாத வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு இந்த விதி இல்லை. அவை தமக்கென ஓர் அடிப்படை விகிதத்தைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. ஆகவே ரெப்போ குறையும்போது வங்கிக் கடனில் அது தானாக வந்து சேரும். நிறுவனக் கடனில் நாம் போய்க் கேட்க வேண்டியிருக்கலாம். ரெப்போ உயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர் 2022-ஐ எடுத்துக்காட்டினார். அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தை எட்டியது. 7 சதவீத வட்டியில் 25 லட்சத்தை 20 ஆண்டுக்கு வாங்கியவரின் தவணை 19,382 ரூபாய். வட்டி 9.5 சதவீதமானபோது அதே 25 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 19,792 ரூபாய். அதாவது பழைய தவணையைத் தவறாமல் கட்டினாலும் கடன் குறையாமல் கூடியிருக்கும். அப்படிப்பட்ட நிலையில் பலருக்குத் தெரியாமலேயே கடன் காலம் நீட்டப்பட்டது. அதன் பின்னர்தான், 2023 ஆகஸ்டில், வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்ற தேர்வைக் கடன்தாரருக்குத் தெரிவித்துக் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. இன்றைய வட்டியில் தாங்குகிறதா என்பதோடு நில்லாமல், இரண்டு சதவீதம் உயர்ந்தாலும் தாங்குமா என்று கணக்கிட்ட பிறகே கையெழுத்திடும்படி அவர் எல்லோருக்கும் சொல்கிறார்.

வரிச் சலுகையைப் பற்றி நிலவும் மிகைப்படுத்தலையும் அவர் களைந்தார். எங்கள் கணக்கில் முதலாண்டு வட்டி சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம். வாடகையில் சொத்து வரியையும் முப்பது சதவீத நிலையான கழிவையும் நீக்கி, அதிலிருந்து இந்த வட்டியைக் கழித்தால் ஒரு லட்சத்துக்கும் மேல் நட்டம் வருகிறது. பழைய வரி முறையில் அந்த நட்டத்தை 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய வரி முறையில் சம்பளத்தில் கழிக்க இயலாது. நாங்கள் இருவரும் புதிய முறையில் இருப்பவர்கள். 'வரியில் மிச்சமாகும்' என்ற வாதம் எங்களைப் பொறுத்தவரை அங்கேயே முடிந்தது.

ஆவணங்களில் அவர் காட்டும் கண்டிப்பு சிலருக்கு எரிச்சல் தரலாம்; எனக்கு அது நம்பிக்கை தந்தது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை எங்கள் முன்னிலையிலேயே எடுத்தார். பட்டாவில் உள்ள பெயரும் தாய்ப்பத்திரத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று வரி வரியாகப் பார்த்தார். மனை வாங்குபவர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண்ணையும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாக இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் சரிபார்த்துத் தருகிறார். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க அத்தகைய மனைப்பிரிவின் விற்பனையாளருக்கு உரிமை இல்லை என்ற 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவை நான் முதன்முதலில் அவரிடமிருந்துதான் அறிந்தேன்.

நாங்கள் பார்த்த வீட்டின் உரிமையாளர், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் எழுதிக்கொண்டு மீதியை ரொக்கமாகத் தர வேண்டும் என்று கேட்டிருந்தார். இங்கே இது அன்றாட நடைமுறையாகிவிட்டது. சொத்து வாங்குவதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பதோடு ஆலோசகர் நிறுத்திக்கொள்ளவில்லை. பத்திர விலை, மதிப்பீட்டாளர் சொல்லும் விலை ஆகிய இரண்டில் குறைவானதை வைத்தே வங்கி கடனைக் கணக்கிடும். ஆகவே பத்திரத்தில் குறையும் ஒவ்வொரு லட்சத்துக்கும் நம் கைக்காசு கூடுதலாக வேண்டும். பின்னாளில் நாம் விற்கும்போது, அந்த மறைந்த தொகையும் நம் லாபமாகவே கணக்கிடப்பட்டு, 12.5 சதவீத மூலதன ஆதாய வரிக்கு உள்ளாகும். விற்பவர் மிச்சம் பிடிக்கும் வரியை வாங்குபவர் சுமக்கிறார் என்பதை எண்களால் அவர் காட்டிய பிறகு, நாங்கள் அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

ஓசூர்ப் பக்கம் பரவலாக உள்ள போக்கிய முறையையும் அவர் தொட்டார். வீட்டை வாங்கிய கையோடு ஐந்தாறு லட்சத்துக்குப் போக்கியத்துக்கு விட்டு, அந்தப் பணத்தில், முன்பணத்துக்காகக் கைமாற்றாக வாங்கிய கடனை அடைக்கலாம் என்று சிலர் திட்டமிடுகிறார்கள். வங்கியில் அடமானம் இருக்கும் வீட்டின்மேல் வங்கியின் ஒப்புதல் இல்லாமல் இன்னோர் உரிமையை உண்டாக்குவது கடன் ஒப்பந்தத்தை மீறுவதாகும். போக்கியதாரர் வெளியேறும் நாளில் மொத்தப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். அதுவரை மாத வாடகையும் இல்லை. தவணை மட்டும் மாதந்தோறும் வந்து நிற்கும். இந்த வழியில் சிக்கியவர்களை எங்கள் தெருவிலேயே கண்டிருப்பதால், அவருடைய எச்சரிக்கையை நான் முழுமனதோடு வழிமொழிகிறேன்.

இறுதியில் நாங்கள் 24 லட்சம் ரூபாய் விலையில் ஒரு சிறிய வீட்டைத் தேர்ந்து, 16 லட்சம் கடனை 15 ஆண்டுக்கு, பொதுத்துறை வங்கி ஒன்றில் பெற்றோம். தவணை 15,756 ரூபாய், வாடகை 8,000. சம்பளத்திலிருந்து சேர்க்க வேண்டிய தொகை எங்களால் தாங்கக்கூடியதாக இருக்கிறது. கையிலிருந்து போட்ட பணம் பத்து லட்சத்துச் சொச்சம். 32 லட்சம் வீட்டுக்கு 25 லட்சம் கடன் வாங்கியிருந்தாலும் ஏறத்தாழ அதே தொகைதான் போயிருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கடன் நிறுவனங்களைப் பற்றி அவர் பேசும்போது வங்கிக்காரரின் பழைய மனச்சாய்வு தெரிகிறது. வருமானச் சான்று முறையாக இல்லாத கடைக்காரர்களுக்கும் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் வங்கி கதவைச் சாத்தும்போது அந்த நிறுவனங்களே துணை நிற்கின்றன. அவற்றின் நிபந்தனைகளை ஒப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு அவரிடம் தகவல் இல்லை. காவேரிப்பட்டணத்தில் மளிகைக் கடை நடத்தும் என் மைத்துனர் அவரிடம் போய்விட்டு ஏறத்தாழ வெறுங்கையோடுதான் திரும்பினார். கணக்கு முழுவதையும் கையால் தாளில் எழுதித் தருவதால், வட்டி மாறும்போது நாமே எண்ணை மாற்றிப் பார்க்க வழியில்லை. முகூர்த்த மாதங்களில் காத்திருக்கும் நேரமும் அதிகம்.

இவற்றைவிடப் பெரிய குறை, காப்பீட்டைப் பற்றி அவர் தாமாக எதுவும் சொல்லாதது. கடன் ஒப்புதலின்போது, ஒரே தவணையில் கட்டும் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்து எங்களிடம் நீட்டினார்கள். அது இல்லாமல் கடன் விடுவிக்க இயலாது என்பது போலப் பேசினார்கள். ரிசர்வ் வங்கியின் விதி எதிலும் அப்படிக் கட்டாயம் இல்லை. நாங்கள் ஆலோசகரைத் தொலைபேசியில் கேட்ட பிறகே, முக்கிய விவர அறிக்கையை வாங்கிப் பார்க்கச் சொன்னார். 2024 அக்டோபர் 1 முதல் எல்லாத் தனிநபர் கடன்தாரர்களுக்கும் வங்கி அதைக் கொடுத்தாக வேண்டும். கட்டணங்களையும் காப்பீட்டையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் செலவாகிறது என்பது அதில் ஒரே எண்ணாக இருக்கும். கடன்தாரருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி. தமிழில் கேட்டு வாங்கினோம், காப்பீட்டை நீக்கினோம், வேறிடத்தில் குறைந்த பிரீமியத்தில் தனியாக எடுத்தோம். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். 3,500 ரூபாய்க்கு அது நியாயமான எதிர்பார்ப்பு.

கடன் முடியும் நாளைப் பற்றியும் ஒரு தாள் தந்தால் நன்றாக இருக்கும் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். முழுத் தொகையும் அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தராவிட்டால், வங்கி நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பலருக்கு இது தெரியாது.

சம்பள வருமானம் உள்ளவர்கள், கிருஷ்ணகிரி, பர்கூர், சூளகிரி வட்டாரத்தில் முதன்முறையாக வாடகை வீடோ மனையோ வாங்க எண்ணினால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இவரிடம் செல்லலாம். சொந்தத் தொழில் செய்பவர்கள் இவருடைய மாதக் கணக்கை மட்டும் கேட்டுக்கொண்டு, கடன் நிறுவனங்களின் நிபந்தனைகளை வேறு வழியில் விசாரிப்பது நல்லது. போகும்போது ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு, வருமான வரித் தாக்கல் நகல், விற்பவரின் பத்திர நகல், பட்டா ஆகியவற்றோடு, நம் பழைய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் கடன் தகவல் அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை அதை இலவசமாகத் தருகின்றன. அது கையில் இல்லாமல் வருபவரை அவர் அமர வைத்துப் பேசுவார், ஆனால் கணக்கைத் தொடங்க மாட்டார்.